ஏழாவது ஓட்டை

செப்டம்பர் 3, புதன்

கேஸ் சிலிண்டர் வந்த தேதியை மட்டுமே தாங்கி வந்த இந்த டைரிக்கு இன்று பதவி உயர்வு. அப்பாவின் காரை என் கையாலேயே சரிசெய்யப் போகிறேன். அந்த வரலாறு இனி இங்கே பதிவாகும்.

காலையில் வண்டியோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் என்னிடம் படித்த பையன்களைவிட வயதில் சிறியவர். பானெட்டை விரலால் தட்டிப் பார்த்து, "என்னங்க சார், குடம் மாதிரி சத்தம் வருது?" என்றார். பைபர் உடம்பு, எண்பதுகளில் ஒரு கம்பெனி கொஞ்ச காலம் செய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது, இதில் துருவே பிடிக்காது என்று அப்பா சொல்கிற அதே பெருமையோடு சொன்னேன். "துரு புடிக்கலீங்க. ஆனா சல்லடையா இருக்குதே," என்றார். இருபத்தாறாம் தேதிக்குள் ஓட்டைகளை அடைத்துக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பதிவு புதுப்பிக்கப்படாது, கார் இனி சாலைக்கு வர முடியாது.

திரும்பும் வழியில் பழைய இரும்புக் கடையில் ஒரு பேச்சுக்கு விசாரித்தேன். எஞ்சினை எடுத்துக்கொள்வார்களாம். "உடம்புல இரும்பே இல்லீங்களே, அதை நீங்களே வெச்சுக்குங்க," என்று பெரிய மனது பண்ணினார் கடைக்காரர். துருப்பிடிக்காத காரைக் குப்பையில்தான் போட வேண்டும் போலிருக்கிறது.

மொத்தம் ஏழு ஓட்டைகள். அவற்றில் நான்கு அப்பாவின் அரசியல் வாழ்க்கை. மஞ்சள் மண்டி வைத்திருந்தவருக்குக் கட்சி இல்லாமல் முடியாது. முதல் கட்சிக்குக் கொடிக்கம்பி நட இடது பக்கம் ஒரு ஓட்டை போட்டார். கட்சி மாறியபோது அதே ஓட்டையில் புதுக் கொடியை நடவில்லை. அது துரோகமாம். வலது பக்கம் புதிதாகத் துளைத்தார். மூன்றாவது கட்சியில் பதவி கொடுத்தார்கள், அதனால் நடுவில் இரண்டு. ஐந்தாவது ரேடியோ ஏரியலுக்கு. ஆறாவது, இத்தனை கட்சி மாறியும் யாரும் கண் வைத்துவிடக் கூடாதே என்று பின்னால் மாட்டிய பூதப் பொம்மைக்கு.

ஏழாவது, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவு. அது என் தம்பி சென்னியப்பனின் உபயம். அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் நடந்தது. பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் காரை அவன் உடைத்தது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். நான் தெரியப்படுத்தியிருக்கிறேன். அவனைப் பற்றி இந்த டைரியில் இதற்கு மேல் ஒரு வரியும் வராது.

செப்டம்பர் 4, வியாழன்

தகவலுக்காக மட்டும் சில வரிகள். சென்னியப்பன் பெருந்துறை சாலையில் பைபர் பட்டறை வைத்திருக்கிறான். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பூங்காக்களில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே பெங்குவின் குப்பைத் தொட்டி, எல்லாம் செய்கிறான். இந்த மாவட்டத்துப் பெங்குவின்களில் பாதி அவன் பெற்ற பிள்ளைகள்.

காபி கொடுக்கும்போது மரகதம், "ஏனுங்க, கொழுந்தனாரைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிஞ்சிருமே," என்றாள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவன். பெங்குவின் செய்கிறவனிடம் போய் நான் பாடம் கேட்க வேண்டுமாம். கோபத்தைக் காட்டக் காபியை வேண்டுமென்றே ஆறவைத்துக் குடித்தேன். அவள் கவனிக்கவில்லை. ஆறிய காபிதான் மிச்சம்.

செப்டம்பர் 6, சனி

ஆறு சின்ன ஓட்டைகளும் முடிந்தன! ஒரு டப்பா பட்டி வாங்கி, வெளியிலிருந்து அப்பி, கத்தியால் வழித்துவிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம். இதற்கென்று பட்டறை வைத்து ஆள் போட்டு நடத்துகிறார்களே, அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மரகதம் கார்க் கதவைச் சாத்தினாள். நான்கு ஓட்டைகள் திறந்துகொண்டன. பட்டி முழுசு முழுசாக உள்ளே விழுந்து கிடந்தது. கதவை யாராவது அவ்வளவு வேகமாகச் சாத்துவார்களா?

செப்டம்பர் 9, செவ்வாய்

பட்டியெல்லாம் சில்லறை வேலை என்று முடிவெடுத்து, கடைக்குப் போய் முறையாக வாங்கி வந்தேன். ரெசின் ஒரு கேன், ஹார்டனர் ஒரு குப்பி, வெள்ளைக் கம்பளி மாதிரி இருக்கும் பைபர் மேட் ஒரு மீட்டர். கூடவே ஊதா நிறத்தில் ஒரு சின்னக் குப்பியும் கொடுத்தார்கள். சாயம் போலிருக்கிறது. கார் வெள்ளை என்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

ரெசினில் ஹார்டனரைக் கலந்து, மேட்டை வெட்டி நனைத்து, ஓட்டைகளின் மேல் ஒட்டினேன். கறிவேப்பிலை வாங்கி வருவதற்குள் இறுகிவிட வேண்டும். இறுகவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டு நாளாயிற்று, ரெசின் இன்னும் பாகாகவே இருக்கிறது. இதுவரை ஒட்டிக்கொண்டவை: ஈ மூன்று, கட்டெறும்பு ஒன்று, என் வலது கை ரோமம் கணிசமாக. காரணம் தெரியாமல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பூக்கட்டிக்கொண்டிருந்த மரகதம் தலையை நிமிர்த்தாமலே, "கோபால்ட் போட்டீங்களா?" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். அவள் வாயிலிருந்து ஒரு தனிமத்தின் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

"அந்த ஊதாக் குப்பிதானுங்க. அதை ரெசின்ல முதல்ல கலக்கிப்போட்டு அப்பறந்தான் ஹார்டனர் ஊத்தோணுமாமா. ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலந்தா தீப்புடிச்சுக்குமாமா."

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"டிவில போட்டாங்க."

"எந்த சேனல்ல?"

"பக்தி சேனல்லங்க," என்றாள்.

முடுக்கி இல்லாமல் வினை மெதுவாகத்தான் நடக்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? பத்தாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குப்பியில் பெயரை இன்னும் பெரிதாக அச்சடித்திருக்கலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இது அப்பாவின் கார். அவர் ராகுகாலத்தில் டயருக்குக் காற்றுகூட அடிக்க மாட்டார். அதனால் பத்தரைக்குள் ஒட்டிவிடலாம் என்று திட்டம்.

பத்து இருபதுக்குக் கோபால்ட் சேர்த்து, ஹார்டனரும் ஊற்றி, பிளாஸ்டிக் மக்கில் அழகாகக் கலக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கேபிள்காரர் வந்து பேசிக்கொண்டு நின்றார். அவர் போனபோது மணி பத்து முப்பத்தொன்று. கலக்கியது நல்ல நேரத்தில்தானே, ஒட்டுவதை மட்டும் பன்னிரண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மக்கை மூடிவைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனேன்.

பத்து ஐம்பதுக்கு மக்கிலிருந்து புகை வந்தது. ரெசின் கல்லாகிவிட்டது, நடுவில் பிரஷ் கொடிக்கம்பம் போல் நேராக நிற்கிறது. மக் ஒரு பக்கம் உருகி வாயைக் கோணிக்கொண்டது. மரகதம் வந்து பார்த்தாள். "ரெசினுக்கு ராகுகாலம் தெரியாதுங்க," என்று மட்டும் சொன்னாள். இதுவும் பக்தி சேனலில் வந்திருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மரகதத்துக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. தினம் சாயங்காலம் நாலரைக்குக் கோயிலுக்குக் கிளம்பி ஆறரைக்குத்தான் வருகிறாள். வந்ததும் எனக்கு ஒரு செய்தி இருக்கும்.

நேற்று: "ஓட்டையச் சுத்தி உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்க்கோணுங்க. பெயிண்ட் மேல ஒட்டுனா நிக்காது. ஓரத்தைச் சரிவாச் செதுக்கிக்கோணும்."

இன்று: "வெளியிருந்து அடைக்கறது கண்ணுக்குத்தான் நல்லா இருக்குமாமா. உள்பக்கமிருந்து மேட்டை ஒட்டி அது இறுகுன பொறவுதான் வெளிப்பக்கம் வரோணும். அப்பத்தான் கதவை எப்படிச் சாத்துனாலும் உழுகாது."

கதவு விஷயத்தை யாரிடம் சொன்னாள்? கோயிலில் இருந்து வருகிறவள்மேல் விபூதி வாசனை வர வேண்டும், இவள்மேல் ரெசின் வாசனை வருகிறது. எந்தச் சாமிக்கு ரெசினில் அபிஷேகம் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அரிப்பு.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேட்டில் இருப்பது கண்ணாடி இழை. தேய்க்கும்போது தூளாகித் தோலுக்குள் போய்விடுகிறது. நேற்று வெந்நீரில் குளித்தேன், இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. "தேங்காயெண்ணெய் தேச்சுட்டுத்தான் வேலைல எறங்கோணுங்க, முடிஞ்சதும் பச்சத்தண்ணி," என்றாள் மரகதம். இதை முந்தாநாளே சொல்லியிருந்தால் இவள் சாமி குறைந்தா போய்விடும்?

செப்டம்பர் 18, வியாழன்

ஆறு ஓட்டைகளும் உண்மையாகவே முடிந்தன. உள்ளிருந்து இரண்டு அடுக்கு, வெளியிலிருந்து ஒரு அடுக்கு, மேலே பட்டி, பிறகு உப்புத்தாள். உள்ளங்கையால் தடவினால் எந்த இடத்தில் எந்தக் கட்சி இருந்தது என்று தெரியவில்லை. கதவை நானே பத்து தடவை ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். சாயங்காலம் மரகதம் ஆட்டோவில் ஒரு பெங்குவின் குப்பைத் தொட்டியோடு வந்து இறங்கினாள். கோயில் வாசலில் விற்றார்களாம். அதன் முதுகில் ரெசினுக்கு அடியில் ஒரு சீட்டு பதிந்திருக்கிறது, பட்டறைப் பெயரும் தேதியும். ரெசின் ஊறினால் காகிதம் கரைந்தது போலாகி எழுத்து மட்டும் தெரியும். செய்கிற ஒவ்வொரு சாமானிலும் அவன் இப்படி ஒரு சீட்டை வைத்து ஒட்டுவது வழக்கம். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவே வராது.

செப்டம்பர் 20, சனி

ஏழாவது ஓட்டை என்னோடு விளையாடுகிறது. மற்றவை மாதிரி இல்லை இது. பெரியது, அதோடு உடம்பு வளைகிற இடம். ஈரமான மேட்டை வெளியிலிருந்து அழுத்தினால் உள்பக்கம் தொப்பை தள்ளுகிறது. டிக்கிக்குள் தலையை விட்டு உள்ளிருந்து பிடித்தால் வெளியே அழுத்த ஆளில்லை. காலையில் இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மூன்றும் பொத்தென்று விழுந்தன.

உள்ளே ஒருவர் தகட்டை வைத்துப் பிடிக்க வேண்டும், வெளியே ஒருவர் ஒட்ட வேண்டும். மரகதத்தைக் கூப்பிட்டேன். இடுப்பு வலிக்கிறதாம். பெங்குவினைத் தூக்கி வந்தபோது வலிக்காத இடுப்பு.

மூன்றாம் தேதிக் குறிப்பில் ஒரு சின்னத் திருத்தம். ஓட்டை சென்னியப்பனின் உபயம் என்று எழுதியிருக்கிறேன். ஓட்டையைப் போட்டது பதினாலாம் நம்பர் ஸ்பேனர். அவன் அதற்குக் காரணம் என்பதுதான் சரி.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்னும் ஐந்து நாள். நான்காவது தடவையும் விழுந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று வேலை செய்யவில்லை. காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

எழுதிவிட்டேன். மையும் தீரவில்லை, பேனாவும் உடையவில்லை.

கருமாதிக்கு மறுநாள் காலையில் சென்னியப்பன் வந்து சாவி கேட்டான். "பட்டறைக்குக் கொண்டுபோறேண்ணா," என்றான். எதற்கு என்று கேட்கவே இல்லை நான். அப்பா போய்ப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. துணிக்கொடியில் அவர் துண்டு அப்படியே தொங்குகிறது, இவன் அதற்குள் காரையும் கொண்டுபோக வந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு அப்பாவே இரண்டாம் தடவை வீட்டைவிட்டுப் போவதைப் போல இருந்தது. பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கையில் இருந்ததை எறிந்தேன். அவன் தலையைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவன் குனிந்தான்.

அவன் கொண்டுபோகக் கேட்டது அப்பா போட்ட ஓட்டைகளை அடைப்பதற்கு. மரகதம் அன்று சாயங்காலமே சொன்னாள். அதற்குள் நான் இரண்டு பேருக்குப் போன் பண்ணி, தம்பி காரை உடைத்துவிட்டான் என்று சொல்லியிருந்தேன். அதன்பிறகு அதையே சொல்லும்படி ஆயிற்று. இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை விசேஷங்களுக்கு அவனைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கம்.

கோபால்ட் அன்றைக்கே மரகதம் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "உன் சாமிக்கு நாளைக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே போனை எடுக்கப் போனாள். இடுப்பு வலி அதற்குள் போய்விட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. விரலெல்லாம் ரெசின் காய்ந்து தடித்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, நேரே காரிடம் போனான். ஆறு ஒட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"பரவால்லீங்க அண்ணி. யாரு செஞ்சது?"

"உங்கண்ணன்தான்."

"புதுசாப் பழகறவங்க மோசமில்லாமத்தான் செஞ்சிருக்கறாங்க," என்றான். முப்பத்திரண்டு வருட அனுபவத்துக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ்.

பிறகு எல்லாம் மரகதம் வழியாகவே நடந்தது. உப்புத்தாள் கேட்டான், அவளிடம். எடுத்துக் கொடுத்தேன், அவளிடம். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இந்த மாதிரித் தபால் அனுப்ப இரண்டு பேருக்குமே வயது அதிகம். தகட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டான், ரெசின் அதில் ஒட்டாதாம். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி, திரும்பி நின்று என்னவோ எழுதிப் பையில் வைத்துக்கொண்டான். அளவு குறிக்கிறான் என்று நினைத்தேன்.

டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்தான். நான் வெளியே ஓட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழ அளவு ஓட்டையில் அவன் ஒரு கண் தெரிந்தது. அப்பாவின் கண். அந்தக் கண் என்னையே பார்த்தது, அப்புறம் தகடு வந்து அதை மறைத்துவிட்டது.

"புடிச்சுட்டேன். ஒட்டலாம்னு சொல்லுங்க அண்ணி," என்றது உள்ளிருந்து குரல்.

மரகதம் பக்கத்தில் இல்லை. காபி போடப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போயிருப்பாள்.

"அண்ணி இல்லை," என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் இரண்டு வார்த்தை.

உள்ளே தகடு ஒரு தடவை நகர்ந்து மறுபடி பதிந்தது. "அப்ப நீங்களே ஒட்டுங்கண்ணா," என்றான்.

முதல் அடுக்கை வைத்து பிரஷால் குத்திக் குத்தி நனைத்தேன். காற்றுக் குமிழ் வந்தால் வெளியே தள்ளச் சொன்னான், தள்ளினேன். முகம் தெரியாதது ரொம்ப வசதியாக இருந்தது.

"ஏண்டா, அன்னிக்கு உம்மேல பட்டிருந்தா?"

"படலீல்ல."

"பட்டிருந்தா?"

"அதான் குனிஞ்சுட்டேனுங்களே. ஓரத்தை அமுத்துங்க, தூக்குது பாருங்க."

அமுத்தினேன். "நீதான் ஒடச்சேன்னு ஊரெல்லாம் சொன்னேன். நீ ஒருத்தர்கிட்டயாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாந்தான். அப்பறம் அண்ணன் பொய் சொல்றாருன்னு ஆயிருமில்லீங்க?" என்றான். "ரெண்டாவது மேட்டை வைங்கண்ணா. இறுகீரும்."

வைத்தேன். கண்ணில் நீர் முட்டி ஓரம் சரியாகத் தெரியவில்லை. ரெசின் நெடி கண்ணைக் கரிக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இது ரெசினால் வந்தது இல்லை. அழுதேன். அவன் தகட்டைப் பிடித்த கையை எடுக்காமல் இருபத்தைந்து நிமிஷம் அப்படியே டிக்கிக்குள் கிடந்தான்.

இறுகியதும் உள்பக்க அடுக்கைத் தானே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லி, என்னைக் காபி குடிக்கப் போகச் சொன்னான். இந்தத் தடவை காபியைச் சூடாகவே குடித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பெயிண்ட் அடித்தாயிற்று. பழைய வெள்ளை இட்லி நிறம், புது வெள்ளை பால் நிறம். அருகில் போகாமல் பார்த்தால் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணாடி இல்லாவிட்டால் அருகில் போனாலும் தெரியாது.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்றாம் தேதிப் பக்கத்தில் "என் தம்பி சென்னியப்பனின் உபயம்" என்பதை அடித்துவிட்டு, "அர்த்தனாரியின் உபயம்" என்று என் பெயரை எழுதிவிட்டேன். முதலில் அந்த வேலை. இனி இன்றைய கதை.

காரை ஓட்டியது சென்னியப்பன். பைபர் உடம்பைப் பதனமாக ஓட்ட வேண்டுமாம், எனக்குக் கைப்பழக்கம் பத்தாதாம். பேசவே மாட்டான் என்று நினைத்திருந்த ஆள் வழியெல்லாம் என் கியர் போடும் முறையைப் பற்றியே பேசி வந்தான்.

ஆய்வு மைதானத்தில் நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு இரண்டு வண்டி பின்னால் எங்கள் பெரியப்பா மகன் புது ஆட்டோவோடு நிற்கிறான். பதினோரு வருடம் முன்னால் நான் முதலில் போன் பண்ணியது அவனுக்குத்தான். எங்கள் இருவரையும் ஒரே காரில் பார்த்துவிட்டு ஆட்டோவை விட்டு அருகில் வந்து நின்றுகொண்டான்.

ஆய்வாளர் நான் ராப்பகலாகச் சொறிந்துகொண்டு அடைத்த ஆறு ஓட்டைகள் இருந்த இடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹாரன் அடிக்கச் சொன்னார். விளக்கைப் போடச் சொன்னார். வைப்பர் ஆடுகிறதா என்று பார்த்தார். கடைசியாக ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இங்க என்னமோ எழுதியிருக்குதுங்களே சார்," என்று சத்தமாகப் படித்தார். "எறிந்தது அண்ணன். குனிந்தது தம்பி. அடைத்தது இருவரும். இருபத்திமூணு, ஒம்பது."

எட்டிப் பார்த்தேன். ஏழாவது ஓட்டையின் உள்பக்கம், ரெசினுக்கு அடியில், அந்தத் துண்டுக் காகிதம். பென்சில் எழுத்து அச்சாகத் தெரிகிறது. விரல் நகம் தன்னால் அதன்மேல் போயிற்று. வராது என்று எனக்குத் தெரியும்.

"யாருங்க அண்ணன்?" என்றார் ஆய்வாளர்.

சென்னியப்பன் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் இப்போதும் வாயைத் திறந்திருக்க மாட்டான். பெரியப்பா மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தானுங்க அண்ணன்," என்றேன். அது போதாது என்று தோன்றியது. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, வகுப்பில் பேசும் குரலில் மறுபடி சொன்னேன். "எறிஞ்சது நான். இவன் காரை ஒடைக்கலை. நான்தான் ஒடைச்சேன்."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. பெரியப்பா மகன் சிரிக்கவில்லை, வந்து சென்னியப்பனின் தோளைத் தொட்டு, "வீட்டுக்கு வாடா ஒருநாள்," என்றான். அதற்கு அவன் தலையை ஆட்டினான்.

திரும்பும்போது சிக்னலில் நின்றோம். "அண்ணா, ஆயுத பூஜை வருது," என்றான். "பின்னாடி அப்பா மாட்டுன மாதிரியே ஒரு பூதப் பொம்மை மாட்டிரலாம். சின்னதா ஒரு ஓட்டை போட்டாப் போதும்."

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்கடா?" என்று கேட்டேன்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சட்டென்று குனிந்துகொண்டான்.